ஒரே அலைக்கற்றையில் வைஃபையும் வானிலை ராடாரும்: குறுக்கீட்டைத் தவிர்க்கும் முறைகள் – ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

உரிமம் பெறாத கம்பியில்லாக் கருவிகள், உரிமம் பெற்ற முதன்மைச் சேவைகளின் அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இன்று உலகெங்கும் நிலைபெற்றுள்ளது. இப்பகிர்வு, கருவி தானே கேட்டு அறிந்து விலகிக்கொள்ளும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் வைஃபை வகைக் கருவிகளும் விமான நிலைய வானிலை ராடார்களும் ஒன்றாக இயங்கும் நிலையையும், 2009ஆம் ஆண்டில் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் வெளிப்பட்ட குறுக்கீட்டையும் சான்றாகக் கொண்டு இந்நம்பிக்கையின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. எளிய இணைப்புக் கணக்கு ஒன்றின் வழி, இயற்பியல் தரும் பாதுகாப்பு இடைவெளி போதுமானதே என்பதும், அது நடைமுறையில் எவ்வாறு கரைந்துபோகிறது என்பதும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அலைக்கற்றைப் பகிர்வு, குறுக்கீடு, வானிலை ராடார், வைஃபை, இயங்குநிலை அதிர்வெண் தேர்வு, திறன் கட்டுப்பாடு.

முன்னுரை

வானொலி அலைகளுக்கு வேலி இல்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில் இரு பரப்பிகள் இயங்கினால், ஏற்பியை அடைவது அவ்விரண்டின் கூட்டு அலையே. வேண்டிய குறிகையை வேண்டாததிலிருந்து பிரித்தெடுக்க இயலாத நிலை குறுக்கீடு எனப்படுகிறது. இதனைத் தவிர்க்க அரசுகள் நெடுங்காலம் கையாண்ட வழி, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி அதிர்வெண்ணை ஒதுக்கி உரிமம் வழங்குவதாகும்.

1985ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 902–928 மெகாஹெர்ட்ஸ், 2400–2483.5 மெகாஹெர்ட்ஸ், 5725–5850 மெகாஹெர்ட்ஸ் ஆகிய கற்றைகளில் உரிமமின்றிப் பரவல் அலைக்கற்றைக் கருவிகளை இயக்க இசைவளித்தது. இன்றைய வைஃபை, புளூடூத் ஆகியவை வளர இம்முடிவு வழிவகுத்தது. உரிமமில்லாக் கருவிகளுக்கு அங்கு இரு கடமைகள் விதிக்கப்பட்டுள்ளன. அவை பிற சேவைகளுக்குத் தீங்கான குறுக்கீடு செய்தல் கூடாது. தம்மீது வரும் குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கற்றை 2005ஆம் ஆண்டிலும், 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அளவிலான கற்றைகள் 2018ஆம் ஆண்டு அக்டோபரிலும் உரிமத்தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டன.

‘தீங்கு செய்யலாகாது’ எனச் சட்டம் சொல்லிவிடலாம். ஆனால் வீட்டு மாடியில் பொருத்தப்பட்ட ஒரு சிறு கருவிக்கு, தான் தீங்கு செய்கிறோம் என்பது எவ்வாறு தெரியும்? இக்கட்டுரையின் மையக் கேள்வி இதுவே.

சமமானவர்களுக்கிடையே பகிர்வு

முதலில் எளிய நிலையை நோக்கலாம். ஒரே வகையான இரு வைஃபைக் கருவிகள் ஒரு தடத்தைப் பகிரும்போது, ‘பேசுமுன் கேள்’ என்ற நெறி பின்பற்றப்படுகிறது. கருவி முதலில் தடத்தைக் கேட்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடத்தில் மற்றொரு வைஃபைக் குறிகையின் தலைப்பகுதி −82 டிபிஎம் அளவில் உணரப்பட்டாலோ, வகையறியா ஆற்றல் −62 டிபிஎம் அளவைத் தாண்டினாலோ தடம் நிறைந்திருப்பதாகக் கொள்கிறது. (டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் அளவு.) தடம் ஓய்ந்த பின்னரும் உடனே பேசாமல், குறிப்பிலா எண் ஒன்றைத் தேர்ந்து அவ்வளவு காலக்கூறுகள் காத்திருக்கிறது. மோதல் நேர்ந்தால் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும் எல்லை ஏறத்தாழ இருமடங்காகிறது.

புளூடூத் வேறு வழியை மேற்கொள்கிறது. அதன் செந்தர வடிவம், 1 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவுகிறது. வைஃபை நிறைந்துள்ள தடங்களைக் கண்டறிந்து, தாவும் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கிவிடும் தகவமைப்புத் தாவல் 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 1.2ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. குறைந்தது 20 தடங்களையேனும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் வரையறை.

இவ்விரு முறைகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. குறுக்கீடு செய்பவரும் அதனால் பாதிக்கப்படுபவரும் ஏறத்தாழச் சமமானவர்கள். குறுக்கீட்டால் இழப்பது ஒரு தரவுப் பொதி மட்டுமே. அதனை மீண்டும் அனுப்பிவிடலாம். பாதிப்பு இரு தரப்பினருக்கும் உரியதாதலின் விலகி நடப்பது இருவருக்கும் நன்மை தருகிறது. வானிலை ராடாருடன் பகிரும்போது இச்சமநிலை இல்லை.

ராடாரின் பணியும் அதன் நொய்ம்மையும்

1985ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், டல்லஸ் போர்ட் வொர்த் விமான நிலையத்தில் தரையிறங்க முயன்ற டெல்டா நிறுவனத்தின் 191ஆம் எண் விமானம், மைக்ரோபர்ஸ்ட் எனப்படும் திடீர்க் காற்றிறக்கத்தில் சிக்கி வீழ்ந்தது; 137 பேர் உயிரிழந்தனர். இடிமேகத்திலிருந்து கீழ்நோக்கிப் பாயும் காற்று தரையில் மோதி நாற்புறமும் சிதறும்போது, சில நொடிகளில் எதிர்க்காற்று பின்காற்றாக மாறி, விமானம் தன் தூக்குவிசையை இழக்கிறது. இத்தகைய நிகழ்வுகளை முன்னறிவதற்காக அமைக்கப்பட்டவையே விமான நிலைய டாப்ளர் வானிலை ராடார்கள். அமெரிக்காவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலுமாக 45 இடங்களில் இயங்கும் இவை 5600–5650 மெகாஹெர்ட்ஸ் கற்றையைப் பயன்படுத்துகின்றன.

ராடார் ஏறத்தாழ 250 கிலோவாட் உச்சத்திறனுள்ள குறுந்துடிப்புகளை அனுப்பி, மழைத்துளிகளிலிருந்து மீளும் எதிரொலியைக் கேட்கிறது. அனுப்பும்போது வலிமை மிக்கதாக விளங்கும் அது, கேட்கும்போது மிக நொய்ம்மையானது. எதிரொலியின் வலிமை இரைச்சல் அளவை ஒட்டியே இருக்கும். அந்த நேரத்தில் அருகிலுள்ள ஒரு கருவி அதே அதிர்வெண்ணில் பேசினால், அக்கருவி உள்ள திசையில் மையத்திலிருந்து விளிம்பு வரை நீளும் ஒரு பொய்க்கீற்று ராடார் திரையில் தோன்றும். அத்திசையில் உண்மையாக நிகழும் காற்றிறக்கம் அக்கீற்றில் மறைந்துபோகக் கூடும். இழந்த தரவுப் பொதியைப் போல் இதனை மீண்டும் கேட்டுப் பெற இயலாது.

இயங்குநிலை அதிர்வெண் தேர்வு

2003ஆம் ஆண்டு உலக வானொலித்தொடர்பு மாநாடு 5150–5350, 5470–5725 மெகாஹெர்ட்ஸ் கற்றைகளைக் கம்பியில்லா அணுகல் அமைப்புகளுக்குத் திறந்தபோது, ராடார்களைக் காக்கும் பொருட்டு இயங்குநிலை அதிர்வெண் தேர்வு, திறன் கட்டுப்பாடு ஆகியவற்றை முன்வைத்தது. அமெரிக்க விதிகளின்படி அதிர்வெண் தேர்வு முறை நான்கு படிகளைக் கொண்டது.

1. தடத்தைப் பயன்படுத்துமுன் கருவி 60 நொடிகள் பேசாமல் கேட்க வேண்டும்.
2. பயன்படுத்தும் காலத்திலும் ராடார் துடிப்புகளுக்காகத் தொடர்ந்து கேட்க வேண்டும். உணர்வதற்குரிய வரம்பளவு, 200 மில்லிவாட்டும் அதற்கு மேலும் கதிர்வீசும் கருவிகளுக்கு −64 டிபிஎம். குறைந்த திறனுள்ளவற்றுக்கு −62 டிபிஎம்.
3. ராடாரை உணர்ந்தால் 10 நொடிகளுக்குள் தடத்தை விட்டு விலக வேண்டும்.
4. விலகிய தடத்தை அடுத்த 30 நிமிடங்களுக்குப் பயன்படுத்தலாகாது.

ஐரோப்பியத் தரநிலை, வானிலை ராடார்கள் இயங்கும் 5600–5650 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் முதற்படியின் காலத்தை 60 நொடிகளிலிருந்து 10 நிமிடங்களாக உயர்த்தியுள்ளது. வானிலை ராடார் பல ஏற்றக் கோணங்களில் வானத்தை அலகிடுவதால், அதன் கற்றை ஒரு குறிப்பிட்ட கருவியின் பக்கம் திரும்ப நேரம் ஆகலாம் என்பது இதற்குரிய காரணம். கனடா, உரிமமில்லாக் கருவிகளுக்கு அப்பகுதியை முற்றிலும் விலக்கியுள்ளது. ஒரே சிக்கலுக்கு மூன்று நாடுகள் அல்லது மண்டலங்கள் மூன்று வேறு விடைகள் கண்டிருப்பது கருதத்தக்கது.

கணக்கு சொல்வது என்ன?

கருவி ராடாருக்குத் தீங்கு செய்யுமுன் ராடாரைக் கேட்டுவிடுமா? இதனை ஓர் எளிய கணக்கால் அறியலாம். கருவியிலிருந்து ராடாருக்குச் செல்லும் பாதையும், ராடாரிலிருந்து கருவிக்கு வரும் பாதையும் ஒன்றே. ஆகவே இருதிசைப் பாதை இழப்பும் ஒன்றே. இவ்விழப்பை ‘இ’ எனக் கொள்வோம்.

முதலாவதாக, தீங்கின் எல்லை. கருவியின் கதிர்வீசும் திறன் 1 வாட், அதாவது 30 டிபிஎம். இது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பரவியுள்ளது. ராடார் ஏற்பி கேட்பது ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் அகலம் எனக் கொண்டால், அதனுள் விழுவது இருபதில் ஒரு பங்கு. அதாவது 13 டெசிபெல் குறைவு. ராடார் ஆண்டெனாவின் பெருக்கம் 50 டெசிபெல். எனவே ராடார் ஏற்பியில் விழும் குறுக்கீடு 67 − இ. அந்த அகலத்தில் வெப்ப இரைச்சல் −114 டிபிஎம். ஏற்பியின் சொந்த இரைச்சலுக்கு 3 டெசிபெல் சேர்த்தால் −111. குறுக்கீடு இரைச்சலைவிட 10 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும் எனக் கடுமையாக வரையறுத்தால், எல்லை −121. ஆகவே இழப்பு 188 டெசிபெல்லுக்குக் குறைவாயின் தீங்கு நேரும்.

இரண்டாவதாக, கேட்பதன் எல்லை. 250 கிலோவாட் என்பது 84 டிபிஎம்; 50 டெசிபெல் பெருக்கத்துடன் 134. கருவியை அடைவது 134 − இ. இது −64 டிபிஎம் அளவைத் தாண்ட வேண்டுமெனில், இழப்பு 198 டெசிபெல்லுக்குக் குறைவாக இருத்தல் போதும்.

இரண்டையும் ஒப்பிட்டால், 10 டெசிபெல் இடைவெளி கருவியின் பக்கம் எஞ்சி நிற்கிறது. அதாவது, தீங்கு செய்யக்கூடிய நிலையிலுள்ள எந்தக் கருவியும் ராடாரைக் கேட்கக்கூடிய நிலையிலும் உள்ளது. தடையற்ற 10 கிலோமீட்டர் தொலைவில் 5600 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இழப்பு ஏறத்தாழ 127 டெசிபெல் மட்டுமே. அந்நிலையில் ராடாரின் கற்றை நேராக நோக்கும் கணத்தில் கருவியை அடைவது +7 டிபிஎம். வரம்பளவைவிட 70 டெசிபெல்லுக்கும் மேல் உயர்வு. அதே கணத்தில் ராடாரில் விழும் குறுக்கீடோ இரைச்சலைவிட 51 டெசிபெல் உயர்வு. கேட்க முடியாமை என்ற சாக்கு அக்கருவிக்கு இல்லை.

திறன் கட்டுப்பாட்டின் தேவையும் இக்கணக்கிலேயே வெளிப்படுகிறது. பரப்பும் திறனை விதித்த அளவைவிட 10 டெசிபெல் உயர்த்தினால், தீங்கின் எல்லை அவ்வளவு விரியும். கேட்பதன் எல்லையோ விரியாது. எஞ்சிய இடைவெளி முழுவதும் அழிந்துவிடும். ஆகவே அதிர்வெண் தேர்வும் திறன் கட்டுப்பாடும் தனித்தனி முறைகள் அல்ல. ஒன்றன் கணக்கு மற்றதன்மேல் நிற்கிறது.

இடைவெளி கரையும் இடங்கள்

மேற்கண்ட கணக்கு மூன்று எடுகோள்களை உள்ளடக்கியது: ராடாரின் கற்றை கருவியின் மேல் விழுகிறது, கருவி ராடாரின் அதிர்வெண்ணிலேயே கேட்கிறது, கேட்டபின் விலகுகிறது. இம்மூன்றும் நடைமுறையில் தளரலாம்.

முதலாவது, காலம். ராடாரின் கற்றை அகலம் 0.55 பாகை. அது நொடிக்கு 20 பாகை சுழல்வதாகக் கொண்டால், ஒரு சுற்றுக்கு 18 நொடி. அதில் கருவியைக் கடப்பது 0.03 நொடிக்கும் குறைவு. நொடிக்கு 1,500 துடிப்புகள் எனக் கொண்டால், அதற்குள் விழுபவை ஏறத்தாழ 40 துடிப்புகள். ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோநொடி அளவினது. ஒரு சுற்றுக்காலத்தில் கேட்கக் கிடைப்பது நாலரை இலட்சத்தில் ஒரு பங்கு நேரமே. அருகிலுள்ள கருவிக்குக் கற்றையின் பக்கமடல்களில் கசியும் ஆற்றலும் கேட்கும். ஆனால் தொலைவிலோ மலைமறைவிலோ உள்ள கருவிக்கு அந்தக் குறுகிய கணமே வாய்ப்பு. அக்கணத்தில் கருவி தானே பரப்பிக்கொண்டிருந்தால் ஒன்றும் கேட்காது.

இரண்டாவது, அடுத்த தடம். கருவி தன் தடத்தில் மட்டுமே கேட்கிறது. ஆனால் அதன் உமிழ்வு தன் தடத்தோடு முற்றிலும் நின்றுவிடுவதில்லை. அண்டைத் தடங்களிலும் சிறிது கசிகிறது. 51 டெசிபெல் மிகுதியாக விழும் நிலையில், கசிவு 40 டெசிபெல் குறைந்திருந்தாலும் ராடாருக்கு அது இரைச்சலைவிட உயர்ந்ததே. இங்கு, கேட்காத தடத்தில் தீங்கு நிகழ்கிறது.

மூன்றாவது, மனிதர். ராடார் துடிப்பைப் பிற கருவிகளின் சிறு வெடிப்புக் குறிகைகளிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. பொய் உணர்வு ஏற்படும் ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுந்து, தடம் 30 நிமிடங்கள் முடங்குகிறது. இணையச் சேவை வழங்குபவருக்கு இது வாடிக்கையாளரின் முறையீடாக வந்து சேர்கிறது. ராடார் திரையில் தோன்றும் கீற்றோ அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. உணரும் வசதியை அணைத்துவிட்டால் அவருக்கு நன்மை உடனே கிடைக்கிறது; தீமையை வேறொருவர் சுமக்கிறார்.

சான் ஹுவான் நிகழ்வு

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சான் ஹுவான் விமான நிலைய ராடாரில் குறுக்கீடு இருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிருவாகம் அறிந்தது. கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமும் அரசின் பிற துறைகளும் மேற்கொண்ட ஆய்வில், காரணம் வீடுகளிலுள்ள வைஃபை அன்று. கம்பியில்லா இணையச் சேவை வழங்குவோர் விமான நிலையங்களுக்கு அருகில், உயரமான இடங்களில், ராடாரின் நேர்ப்பார்வையில் நிறுவிய ஒரு சில வெளிப்புறக் கருவிகளே என்பது தெரியவந்தது. பெரும்பாலான நிகழ்வுகளில் அவை ராடாரின் கற்றையிலேயே இயங்கின. சிலவற்றில் அண்டைக் கற்றையின் கசிவு காரணமாக இருந்தது. உணரும் வசதி செயற்படாத நிலையில் இயக்கப்பட்டவற்றின் மேல் ஆணையம் அபராத நடவடிக்கைகளை மேற்கொண்டது.

2010ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிடப்பட்ட வழிகாட்டுதல், ராடாரிலிருந்து 35 கிலோமீட்டருக்குள் அல்லது அதன் நேர்ப்பார்வையில் உள்ள கருவிகள் ராடாரின் அதிர்வெண்ணிலிருந்து குறைந்தது 30 மெகாஹெர்ட்ஸ் விலகியிருக்க வேண்டும் என்றது. அவற்றைத் தன்விருப்பப் பதிவேடு ஒன்றில் பதிவு செய்யவும் ஊக்குவித்தது. இவ்வழிகாட்டுதல் கருவியின் செவியை மட்டும் நம்பவில்லை. இடமறிவைத் துணைக்கு அழைத்தது. 30 மெகாஹெர்ட்ஸ் என்ற இடைவெளி, மேலே கண்ட அடுத்த தடக் கசிவுக்கு நேரான விடையாகும்.

2014ஆம் ஆண்டில் ஆணையம் விதிகளைத் திருத்தியது. 5600–5650 மெகாஹெர்ட்ஸ் பகுதி மேம்பட்ட உணர்முறையுடன் மீண்டும் திறக்கப்பட்டது. கூடவே, வானொலி அளவுருக்களைப் பயனர் மாற்ற இயலாதவாறு மென்பொருளைக் காக்கும் பொறுப்பு உற்பத்தியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. இது திறந்த மூல மென்பொருளை முற்றிலும் தடுத்துவிடும் என்ற அச்சம் ஆய்வாளர்களிடையே எழுந்தது. அவ்வாறு தடுப்பது நோக்கமன்று என 2015ஆம் ஆண்டில் ஆணையம் தெளிவுபடுத்தியது. கருவி யாருடையது என்பதும், அது வெளியிடும் அலை யாருடையது என்பதும் இரு வேறு கேள்விகள் என்பதை இவ்விவாதம் உணர்த்துகிறது.

கேட்பதிலிருந்து கேட்டறிவதற்கு

கேட்டு விலகும் முறைக்கு மற்றோர் எல்லையும் உண்டு. ராடார் தானே பேசுவதால் அதனைக் கேட்க முடிகிறது. வானொலி வானியல் தொலைநோக்கி, செயற்கைக்கோளின் செயலறு உணரி போன்றவை பேசுவதே இல்லை. கேட்க மட்டுமே செய்கின்றன. எத்துணைக் கூர்மையான செவி இருந்தாலும் அவற்றைக் கண்டறிய இயலாது. நுண்ணலைத் தொடர்பில் ஏற்பி ஒரு மலையிலும் பரப்பி மற்றொரு மலையிலும் இருப்பதால், பரப்பியைக் கேட்பது ஏற்பியின் இடத்தைச் சொல்லிவிடாது.

இதனால் 2020ஆம் ஆண்டில் அமெரிக்கா 5925–7125 மெகாஹெர்ட்ஸ் கற்றையைத் திறந்தபோது, மிகு திறனுள்ள வெளிப்புறக் கருவிகளுக்குத் தானியங்கு அதிர்வெண் ஒருங்கிணைப்பு முறையை விதித்தது. கருவி தன் இருப்பிடத்தைத் தரவுத்தளத்துக்குத் தெரிவித்து, அங்கு இசைவான தடங்களையும் திறனையும் கேட்டறிந்த பின்னரே பரப்பத் தொடங்கும். இம்முறையில் பிழை செவியிலிருந்து பதிவேட்டுக்கு இடம்பெயர்கிறது. பதிவேடு உண்மையாகவும் உடனுக்குடன் திருத்தப்பட்டும் இருக்கும் வரையில்தான் அது காக்கும்.

இந்தியச் சூழலிலும் இக்கேள்விக்கு இடமுண்டு. 2002ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட டாப்ளர் வானிலை ராடார் எஸ் கற்றையில் இயங்குவதால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையுடன் அதிர்வெண்ணைப் பகிர்வதில்லை. ஆனால் புதுதில்லி, ஜெய்ப்பூர் போன்ற இடங்களில் சி கற்றை ராடார்கள் உள்ளன. எனவே ராடாரின் வகையையும் இடத்தையும் கருதாமல், நாடு முழுமைக்கும் ஒரே விடையைக் கொள்ளுதல் பொருந்தாது.

முடிவுரை

குறுக்கீட்டைத் தவிர்ப்பதற்குரிய முறைகளைச் சமமானவர்களுக்கு உரியவை, சமமற்றவர்களுக்கு உரியவை என இரண்டாகப் பகுத்து நோக்க வேண்டும். வைஃபைக்கும் வைஃபைக்கும் இடையே தன்னலமே ஒழுங்கைக் காக்கிறது. வைஃபைக்கும் ராடாருக்கும் இடையே தன்னலம் ஒழுங்குக்கு எதிராகச் செயற்படுகிறது. அங்கு இயற்பியல் 10 டெசிபெல் இடைவெளியைத் தருகிறது. அதனைக் காப்பது உணர்முறையின் நேர்த்தி, திறன் வரம்பு, அண்டைத் தடக் கசிவின் கட்டுப்பாடு, நிறுவுவோரின் பொறுப்பு ஆகிய நான்கும் ஆகும்.

சான் ஹுவான் நிகழ்வில் குறைவுபட்டது செவியின் கூர்மை அன்று. கேட்டதன்படி நடக்க வேண்டியவர் நடக்காமையும், கேட்காத தடத்துக்கும் தன் ஒலி செல்லும் என்பதை வடிவமைப்பு முழுமையாகக் கருதாமையுமே அங்கு வெளிப்பட்டன. புதிய அலைக்கற்றைகள் உரிமமின்றித் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும், எத்தனை மெகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது என்று கேட்பதற்கு முன், அங்கு ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பவர் யார், அவரை நம் கருவி கேட்க முடியுமா, முடியாதெனில் யாரிடம் கேட்டறியும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காணப்பட வேண்டும்.